வேன் வரட்டும், கார் அப்புறம்

கேள்வி: நான் பொகவந்தலாவைப் பக்கத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். கணவர் யாழ்ப்பாணம். ரொறன்ரோவில் படிக்கும்போது பழகி, அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். ஆறு வருடத்துக்குப் பிறகு ஜனவரியில், தைப்பொங்கலுக்கு முதல் கிழமை, இரண்டு பேருமாக ஊருக்கு வருகிறோம். கட்டுநாயக்கவில் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்து, கண்டி, நுவரெலியா, எல்ல என்று நாலு நாள் சுற்றிவிட்டுக் கடைசியில் எங்கள் வீட்டுக்குப் போகலாம் என்கிறார். அப்பாவோ பதினாலு சீட் வேன் பேசிவிட்டார். அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டு ஆட்கள் என்று எல்லாரும் எயார்போட்டுக்கு வருகிறார்களாம். கணவருக்கு அதில் விருப்பமில்லை. இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் வீடு லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) என்று அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. 'எஸ்டேட்டில் வீடு' என்றுதான் சொல்லியிருக்கிறேன். வீடியோ கோலில்கூட அம்மாவைச் சாமிப் படம் மாட்டிய சுவர்ப் பக்கமே உட்காரச் சொல்வேன். ஹட்டனில் ஹோட்டலில் தங்கி, பகலில் மட்டும் வீட்டுக்குப் போய் வரலாமா என்றும் யோசிக்கிறேன். என்ன செய்வது?

— ஊருக்கு வரும் மகள்

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

கடிதத்தில் காரையும் வேனையும் பற்றி நிறைய எழுதிவிட்டு, லயத்தை 'இன்னொன்றும் இருக்கிறது' என்று கடைசியில் வைத்திருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலாவதாகப் பட்டது. நாலு நாள் சுற்றுவது அவருக்கு ஆசை. உங்களுக்கோ அது நாலு நாள் தவணை. எல்லவில் பாலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதும் உங்கள் மனசு வீட்டுக்குப் போகும் வழியில் உள்ள நோர்வூட் சந்தியில்தான் நிற்கும்.

அதனால் விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நீளமான விளக்கம் வேண்டாம். அடுத்த வீடியோ கோலில் அம்மாவை எழும்பி நடக்கச் சொல்லுங்கள். போன் அந்தச் சுவரை விட்டுத் திரும்பட்டும். இஸ்தோப்பு என்கிற முன் திண்ணை, உள் காம்பரா என்கிற ஒற்றை அறை, புகை படிந்த குசினி, வாசலில் நின்று பார்த்தால் வரிசையாகத் தெரியும் மற்ற வீடுகளின் தகரக் கூரை, எல்லாவற்றையும் அம்மாவே காட்டட்டும். அம்மாவுக்கு வெட்கமே இருக்காது, பாருங்கள். புதிதாகப் போட்ட சீமெந்துத் தரையைத்தான் முதலில் காட்டுவார். வெட்கப்பட்டது நீங்கள் மட்டும்தான். அதற்காக உங்களைத் திட்டவும் எனக்கு மனசில்லை. தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்ததும் குரல் மாறுகிறவர்களை நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில், ஒஃபிஸில் சந்தித்துத்தான் வந்திருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் 'தோட்டக்காட்டான்' என்ற சொல் இன்னும் எல்லா வாயிலிருந்தும் போய்விடவில்லை என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால் உங்கள் கணவருக்கு ஒற்றை அறை வாழ்க்கை தெரியாது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? 1995 அக்டோபர் கடைசியில் போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. பள்ளிக்கூட வகுப்பறையிலும் கோயில் மண்டபத்திலும் மரத்தடியிலும் எத்தனையோ குடும்பங்கள் படுத்தெழும்பின. அவருடைய வீட்டாரும் அதில் இருந்திருக்கலாம். மாமியாரிடம் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். உங்கள் கணவருக்குத் தெரியாதது வேறு. 1823இல் கம்பளையில் கோப்பித் தோட்டம் போடத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்ததிலிருந்து 2023 வரை இருநூறு வருடம் ஆன பிறகும், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை ஏன் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அதைச் சொல்லிக்கொடுக்க உங்களைவிட ஆள் யார்? கேட்டுவிட்டு அவர் முகம் சுளித்தால், அது உங்கள் அம்மாவின் வாசலில் வைத்துத் தெரிவதைவிட ரொறன்ரோவிலேயே தெரிவது நல்லது.

ஹட்டன் ஹோட்டல் வேண்டாம். முதல் மூன்று இரவாவது வீட்டில் படுங்கள். அப்பாவும் அம்மாவும் உள் காம்பராவை உங்களுக்கு விட்டுவிட்டு இஸ்தோப்பில் பாய் போடுவார்கள். 'ஐயோ, வேண்டாம்' என்று உங்கள் கணவர் மறுப்பார், நல்ல பிள்ளையாக இருந்தால் கட்டாயம் மறுப்பார். இரண்டு தரத்துக்கு மேல் மறுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஜனவரிக் குளிரில் பீலியில் (மலைத் தண்ணீர் விழும் குழாயடியில்) குளிக்கிறேன் என்று வீரம் காட்டவும் விடாதீர்கள். அம்மா அடுப்பில் சுடுதண்ணீர் வைப்பார், அதை வாங்கிக்கொள்ளட்டும்.

இனி வேன். அதை நிறுத்தச் சொல்லாதீர்கள். என் அண்ணன் முதன்முதலாக வெளிநாட்டிலிருந்து வந்தபோது சர்ப்ரைஸ் கொடுக்கிறேன் என்று யாருக்கும் சொல்லாமல் தனியாக வந்து இறங்கினான். அம்மா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். வீடு பூட்டு. மூன்று மணித்தியாலம் இஸ்தோப்பில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். கூடையும் தலையுமாக வந்த அம்மா அவனைக் கட்டிப்பிடிக்கவில்லை. 'ஒன்னய கூட்டிக்கிட்டு வர ஒருத்தரும் வரலியே' என்று அழுதார். அண்ணனுக்கு இப்போது பேரப்பிள்ளையே வந்துவிட்டது, இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார். உங்களை வழியனுப்ப வந்தவர்கள்தான் கூட்டிப் போகவும் வருகிறார்கள். வெற்றிலைக் காசைச் சேர்த்து வேனுக்குப் பங்கு கொடுத்த அத்தையும் அதில் இருப்பார்.

அது மட்டுமல்ல, உங்கள் கணவர் அன்றைக்கு ஓட்டவே கூடாது. கனடாவிலிருந்து வந்து சேர இருபது மணித்தியாலத்துக்கு மேலாகும். ஜனவரியில் ரொறன்ரோவுக்கும் நமக்கும் பத்தரை மணித்தியால வித்தியாசம். இங்கே காலை பத்து மணி என்றால் அவருடைய உடம்புக்கு முதல் நாள் இரவு பதினொன்றரை. ஆறு வருடம் வலப்பக்கம் ஓட்டிய கை வேறு. அவிசாவளை வரை பரவாயில்லை. யட்டியாந்தோட்டை, கித்துல்கல தாண்டிக் கினிகத்தேனை ஏற்றம் தொடங்கினால் வளைவுக்கு வளைவு பஸ்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டு நடு ரோட்டில்தான் வருவான். வட்டவளையில் பனி இறங்கினால் முன்னால் போகிற லொறியின் பின் லைட்தான் வழி. இந்த ரோட்டைத் தூக்கத்திலும் ஓட்டுகிற டிரைவரைத்தான் உங்கள் அப்பா பிடித்திருப்பார். ஒன்று மட்டும்: கித்துல்கல வளைவுகளில் கடைசி சீட் ஆட்கள் வாந்தி எடுப்பார்கள். தேசிக்காயும் பொலித்தீன் பையும் அத்தை கொண்டுவருவார். நீங்கள் இரண்டு பேரும் முன் வரிசையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மாப்பிள்ளைக்கு யாரும் மறுக்க மாட்டார்கள்.

கார்ப் பயணம் பொங்கலுக்கு அப்புறம். அதை நான் விடச் சொல்லவில்லை, கட்டாயம் போங்கள். யாரையும் ஏற்றாமல் இரண்டு பேர் மட்டும் போங்கள், சித்தப்பா பையன் எவ்வளவு கெஞ்சினாலும் சரி. வீட்டிலிருந்தே புறப்பட்டால் ரோடும் நன்றாக அமைகிறது. ஹட்டன் வந்து தலவாக்கலைப் பக்கம் திரும்பினால் டெவோன் நீர்வீழ்ச்சியும் சென்கிளயர் நீர்வீழ்ச்சியும் ரோட்டிலிருந்தே தெரியும். அப்புறம் நானுஓயா, நுவரெலியா, சீத்தா எலிய, வெலிமடை, பண்டாரவளை, எல்ல. 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தில் போட்டோ எடுப்பார், எடுக்கட்டும். திரும்பும்போது வேறு வழியாக வர விரும்பினால் றம்பொடை, புசல்லாவை, கம்பளை இருக்கிறது. அந்த 1823 கதையை அங்கே வைத்துச் சொல்லலாம்.

ஓட்டுவதற்கு முன் லைசென்ஸைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவருடைய இலங்கை லைசென்ஸ் காலாவதியாகியிருந்தால் புதுப்பிக்க வேண்டும். கனடா லைசென்ஸ் மட்டும்தான் என்றால் இங்கே செல்லுபடியாகும் அனுமதி எடுக்காமல் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. அது இல்லாமல் மோதினால் இன்சூரன்ஸும் கைவிரித்துவிடும். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஓட்டோ கியர் காரானாலும் கீழ்க் கியருக்கு மாற்றிக்கொண்டு இறங்க வேண்டும். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபது பேருக்கு மேல் இறந்தது நீங்கள் சொன்ன நுவரெலியா ரோட்டில்தான்.

ஜனவரியில் ஹட்டன் பக்கம் பெரும்பாலும் வெயிலாக இருக்கும், இரவில் மட்டும் பல் கிட்டும். பதுளைப் பக்கம் அப்படியல்ல, வடகீழ்ப் பருவமழை அங்கே அப்போதும் பெய்யும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து அந்தச் சரிவுகளை எப்படி அறுத்துக்கொண்டு போனது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மண்சரிவு எச்சரிக்கை போட்டிருந்தால் எல்லவை விட்டுவிட்டு நுவரெலியாவோடு திரும்பி விடுங்கள். பௌர்ணமி விடுமுறையான போயா தினத்திலும் சனி ஞாயிறிலும் புறப்பட வேண்டாம். சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் டிசம்பரிலேயே தொடங்கிவிடுவதால் ஹட்டன், நோர்வூட் ரோடு பஸ்ஸால் அடைத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் கணவரிடம் எப்படிச் சொல்வது என்றால், 'பொங்கல் வரை என் அப்பாவுக்கு, அப்புறம் நாலு நாள் உங்களுக்கு' என்று சொல்லிப் பாருங்கள். பேரம் என்றால் யாழ்ப்பாணத்து மாப்பிள்ளைக்குப் புரியும் (கோபிக்க வேண்டாம், நான் ஒரு யாழ்ப்பாணத்துக்காரரோடு முப்பது வருடம் குடும்பம் நடத்துகிறேன்).

அப்பாவிடமும் ஒன்று கேளுங்கள். பதினாலு சீட்டில் பன்னிரண்டு பேர் வந்தால் உங்கள் இரண்டு பேரோடு சரி. ஆளுக்கு இரண்டு என்று நாலு பெரிய பெட்டி இருக்குமே, அது எங்கே? வேனுக்கு மேல் கெரியர் இருக்கிறதா என்று இப்போதே கேட்டு, கயிறும் தறப்பாளும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஜனவரியானாலும் வட்டவளையை நம்ப முடியாது.

— அக்கா