கணக்குப் போட்டது யார்?

கேள்வி: டெக்னாலஜி நிறுவனங்கள் கோடிகோடியாக லாபம் காட்டினாலும் ‘எதிர்பார்ப்பைவிடக் குறைவு, பங்கு சரிவு’ என்று செய்தி வருகிறதே, எதிர்பார்த்தது யார்? அனலிஸ்டுகள் பேச்சைக் கேட்டுப் பங்கு வாங்கலாமா?

பதில்: எதிர்பார்த்ததும் அவர்களேதான். தரகு நிறுவனங்களில் இருக்கும் அனலிஸ்டுகள், இந்தக் காலாண்டில் லாபமும் வருமானமும் இவ்வளவு வரும் என்று ஆளுக்கொரு எண் சொல்வார்கள். அதன் சராசரிதான் ‘சந்தையின் எதிர்பார்ப்பு’. கணக்கு தப்பினால் பழி மட்டும் நிறுவனத்தின் தலையில். ‘அனலிஸ்டுகள் கோட்டை விட்டார்கள்’ என்று தலைப்பு பார்த்திருக்கிறீர்களா?

2013 ஜனவரியில் ஆப்பிள் அறிவித்த காலாண்டு லாபம் 1,310 கோடி டாலர். அதுவரை அந்த நிறுவனம் காணாத தொகை. மறுநாள் பங்கு 12 சதவீதம் விழுந்தது. சரி, அங்கே எண் ஏதோ குறைந்தது என்றாவது சொல்லலாம். 2024 ஆகஸ்டில் சிப் நிறுவனமான என்விடியா அறிவித்த காலாண்டு வருமானம் ஒரே வருடத்தில் 122 சதவீதம் கூடியிருந்தது, அனலிஸ்டுகளின் எண்ணையும் தாண்டியது. அப்போதும் மறுநாள் 6 சதவீதத்துக்கு மேல் சரிவு! தாண்டியது போதவில்லையாம். பங்கு ஏறியிருந்தால் அதே அறிக்கையிலிருந்தே ஏறியதற்கும் ஒரு காரணம் எடுத்திருப்பார்கள். மார்க்கெட் முடிந்த பிறகு காரணம் சொல்வதில் நம் டிவி நிபுணர்கள் தோற்றதே கிடையாது.

இன்னொரு கூத்து: அடுத்த காலாண்டுக்கான மதிப்பீட்டைப் பல நிறுவனங்கள் தாங்களே, கொஞ்சம் அடக்கியே, சொல்லிவிடும். அனலிஸ்டுகளும் அதை ஒட்டியே எண் வைப்பார்கள். அப்புறம் நிறுவனம் அதைத் தாண்டும், எல்லோரும் கைதட்டுவார்கள்.

இது வெறும் கணிப்புக் கோளாறு என்றால் மன்னித்துவிடலாம். அமெரிக்க முதலீட்டு வங்கியான மெரில் லிஞ்சில் இணைய நிறுவனப் பங்குகளுக்கான அனலிஸ்டாக இருந்த ஹென்றி பிளாட்ஜெட், வெளியே சிபாரிசு செய்த பங்குகளை உள் மின்னஞ்சல்களில் குப்பை என்ற ரீதியில் திட்டியிருந்தார். அந்த நிறுவனங்களின் பங்கு வெளியீட்டு வேலை தன் வங்கிக்குக் கிடைக்க வேண்டுமே! 2003இல் குற்றச்சாட்டை ஏற்காமலும் மறுக்காமலும் 40 லட்சம் டாலர் கட்டினார். பங்குத் தொழிலில் ஆயுள் தடை. பிறகு என்ன செய்தார் தெரியுமா? பிசினஸ் இன்சைடர் என்ற செய்தித் தளத்தை நிறுவியவர்களில் ஒருவரானார்.

அனலிஸ்ட் அறிக்கையில் தொழிலைப் பற்றிய விவரங்கள் நன்றாகவே இருக்கும், படியுங்கள். பங்கு எவ்வளவுக்குப் போகும் என்று அவர்கள் கணிக்கும் ‘இலக்கு விலை’ இருக்கும் பக்கத்தை மட்டும் தாண்டிவிட்டு, நிறுவனத்தின் காலாண்டு அறிக்கையில் கைக்கு வந்த ரொக்கம் எவ்வளவு என்று பாருங்கள். வாங்குவதா வேண்டாமா என்பதை அதற்கப்புறம் யோசிக்கலாம்.