வீட்டுக் கடனும் பெற்றோர் ஒப்பமும்: வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விடயம்தான்: பிள்ளை வீட்டுக் கடன் எடுக்கிறது, பெற்றோர் எப்படிக் கைகொடுப்பது? வயது, சம்பளம், காணி என்ன வகை என்று எதுவும் எழுதாமல் "எனக்குக் கடன் கிடைக்குமா?" என்று ஒற்றை வரியில் கேட்டவர்களுக்கு இங்கே பதில் இல்லை. நான் சாத்திரம் பார்ப்பதில்லை.

மகனுடைய சம்பளம் காணாதாம். 50 இலட்சத்துக்கு என்னையும் கூட்டுக் கடனாளியாகச் சேர்க்கச் சொல்கிறது வங்கி. எனக்கு 55 வயது, அரச உத்தியோகம். சேரலாமா? (கொக்குவில்)

தவணைக் காலத்தை முதலில் கேளுங்கள். உங்கள் சம்பளத்தையும் கணக்கில் எடுத்தால், உங்கள் 60 வயதோடு கடனை முடிக்கப் பார்க்கும் வங்கிகள் உண்டு. 12 வீத வட்டியில் 50 இலட்சத்துக்கு 15 வருடமென்றால் மாதம் 60 ஆயிரம். அதே கடன் 5 வருடமென்றால் 1 இலட்சத்து 11 ஆயிரம். உதவப் போய் மகனின் தவணையைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கிவிடுவீர்கள். உங்கள் ஓய்வூதியத்தையும் வருமானமாக ஏற்று நீண்ட காலம் தரும் வங்கி இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

வட்டி நிலையானதா, மாறுவதா என்பதையும் கேளுங்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் 7 வீதம் ஏற்றியது. மேலே சொன்ன 60 ஆயிரம், 20 வீத வட்டியில் 88 ஆயிரம் ஆகும்.

மகனுக்கு வெறும் பிணைதான் நின்றேன். இப்போது என் சொந்தக் கடனுக்கு வங்கி இழுத்தடிக்கிறது. ஏன்? (சுன்னாகம்)

பிணையும் உங்கள் கிரிப் அறிக்கையில், அதாவது வங்கிகள் பார்க்கும் உங்கள் கடன் வரலாற்று அறிக்கையில், ஏறும். மகன் தவணை தவறினால் அதுவும் தெரியும். வெறும் பிணை என்று ஒன்று கிடையாது.

மகள் வீடு கட்டக் கடன் எடுக்கிறா. அவவின் காணி உறுதியில் சிக்கல் இருப்பதால் நாங்கள் இருக்கும் வீட்டை ஈடு வைக்கச் சொல்கிறார்கள். வீடு மனைவியின் சீதனம். இளைய மகளுக்குத்தான் அந்த வீடு என்று வாய்ப்பேச்சு. "சும்மா ஒரு ஒப்பம்தானே மாமா" என்கிறார் மருமகன். (மானிப்பாய்)

இந்தச் "சும்மா ஒரு ஒப்பம்" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஈட்டு உறுதியில் வைப்பது ஒப்பம் அல்ல, வீடு. மகள் வீட்டில் தவணை நின்றால் வங்கி தேடி வருவது உங்கள் படலைக்குத்தான். கடன் எடுத்தவரே தன் சொத்தை ஈடு வைத்திருந்து, வாங்கிய முதல் தொகையும் 50 இலட்சத்துக்கு மேற்பட்டதென்றால், நீதிமன்றம் போகாமலே ஏலம் போடும் பராட்டே அதிகாரத்தை 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்குக் கொடுத்திருக்கிறது. அதற்குக் கீழென்றாலோ, உங்களைப் போல் வேறொருவர் வைத்த ஈடென்றாலோ, பொதுவாக வழக்குப் போட்டு எடுப்பார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்தது, கடிதம் முழுக்க "நாங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். வீடு மனைவியுடையது. யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டப்படி அவர் தன் காணியை ஈடு வைக்க உங்கள் எழுத்துமூல சம்மதம் வேண்டும். ஆனால் ஈடு வைப்பவர் அவர்தான். அவரிடம் யாராவது கேட்டீர்களா? வங்கியில் மருமகனும் நீங்களும் கதைத்து முடித்துவிட்டு, கடைசி நாளில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்குவதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் பத்துப் பக்கம், ஒரு வரி தமிழில் வாசித்துக் காட்டியிருக்க மாட்டார்கள். வங்கியின் சட்டத்தரணி வங்கிக்காக வேலை செய்கிறவர். உங்களுக்கென்று வேறு ஒரு நொத்தாரிசிடம் காட்டி, தமிழில் சொல்லச் சொல்லுங்கள். குறிப்பாக இந்தக் கடனுக்கு மட்டும்தான் ஈடா, மருமகன் பிறகு எடுக்கும் மேலதிகப் பற்றுக்கும் கடன் அட்டைக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். "எல்லாக் கடனுக்கும்" என்று இருந்தால் தொகையை வரையறுக்கச் சொல்லுங்கள்.

இளைய மகளின் கதை இன்னும் மோசம். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் காணிப் பதிவகத்தில் தேடல் எடுத்தால் ஈடு தெரியவரும். அப்போது யார் பதில் சொல்வது?

ஆகவே முதலில் மூத்தவவின் உறுதிச் சிக்கலைத் தீருங்கள். அதற்குச் செலவழிக்கும் காசு வீண் போகாது. முடியவே முடியாதென்றால், வளவு 5, 6 பரப்பு இருக்குமென்றால், நில அளவையாளரைக் கொண்டு வீடு இல்லாத 2 பரப்பைப் பிரித்து அதை மட்டும் ஈடு வையுங்கள். கடன் முடிந்ததும் ஈடு மீட்பைப் பதிவு செய்ய மறக்க வேண்டாம். கடன் கட்டிப் பல வருடமாகியும் பதிவில் ஈடு அப்படியே கிடக்கிற வளவுகள் இங்கே நிறைய.

மகனுக்கு 20 இலட்சம் கொடுக்கிறேன். வங்கிக்கு "நன்கொடை" என்று கடிதம் கேட்கிறார். எனக்கோ அது கடன். மருமகளுக்கும் பாதி போகுமா? (நல்லூர்)

வங்கிக்கு நன்கொடை, வீட்டில் கடன் என்று இரண்டு வேசம் போடாதீர்கள். நாளைக்கு அந்தக் கடிதத்தையே உங்களுக்கு எதிராக நீட்டலாம். கடனென்றால் மகனும் மருமகளும் சேர்ந்து கடன் நோட்டு எழுதட்டும். ஆறு வருடத்தில் அது காலாவதியாகும், கவனம். கல்யாணத்துக்குப் பிறகு விலைகொடுத்து வாங்கும் வீடு தேசவழமையில் பொதுவாகத் தேடிய தேட்டம், மருமகளுக்கும் அதில் உரிமை வரலாம். மகனுடைய தனிச் சொத்திலிருந்து போன பணம் வேறு கணக்கு, ஆனால் அதை நிரூபிக்கக் கடதாசி வேண்டும். காசாகக் கையில் கொடுக்காதீர்கள், வங்கி மூலம் அனுப்புங்கள்.

சீவிய உரித்து (சாகும்வரை வீட்டை அனுபவிக்கும் உரிமை) வைத்து வீட்டை மகளுக்கு நன்கொடை எழுதினால் அதில் கடன் எடுக்கலாமா? (சாவகச்சேரி)

கஷ்டம். நன்கொடை உறுதி என்றாலே பல வங்கிகள் பத்து வருடம் ஆயிற்றா என்று கேட்கும். சீவிய உரித்தையும் விட்டுக்கொடுக்கச் சொல்வார்கள். கடனுக்காக அதை விட்டுக்கொடுக்காதீர்கள். கடைசிக் காலத்தில் உங்களுக்கு இருக்கும் ஒரே பிடி அது.

அம்மாவின் சீதனக் காணியை எனக்காக ஈடு வைக்க அவ சம்மதம். அப்பா 2009இல் காணாமல் போனவர். அவருடைய ஒப்பத்துக்கு எங்கே போவது? (பருத்தித்துறை)

கணவன் இருக்குமிடம் தெரியாதபோது, அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றம் அனுமதி கொடுக்க 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் சட்டத்தில் வழி இருக்கிறது. மனுப் போட வேண்டும். அவசரப்படுத்தி வேறு யாரையும் ஒப்பமிட வைக்காதீர்கள்.

நாலு சகோதரருக்கும் பொதுவான காணி. என் பங்கில் மகன் கடன் எடுக்கலாமா? (வேலணை)

பிரிபடாத பங்கை வங்கி எடுக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரிவினை உறுதி முடித்துவிட்டு வாருங்கள்.

அப்பா கனடாவில். அவருடைய காணியை எனக்காக ஈடு வைக்க அற்றோணித் தத்துவம் (தனக்காகச் செயற்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) அனுப்பியிருக்கிறார். "காணியைப் பராமரிக்கவும் விற்கவும்" என்று எழுதியிருக்கிறது. போதுமா? (கோப்பாய்)

போதாது. "ஈடு வைக்க" என்று அதில் எழுதியிருக்க வேண்டும். திரும்ப எழுதி, அங்குள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயம் அல்லது துணைத் தூதரகம் மூலம் உறுதிப்படுத்தி, இங்கே பதிவு செய்யச் சொல்லுங்கள். அதுவரை வீடு விற்பவருக்கு முற்பணம் கொடுக்காதீர்கள்.