திருவனந்தபுரம் – லண்டன்: பத்து மணி நேரம் இல்லை

மார்த்தாண்டத்திலிருந்து தனியாகப் போகும் அம்மாவுக்கு ஜூலையில் டிக்கெட் போட்டிருக்கிறீர்கள். துபாய் வழி; அதிகாலை 4.30-க்குக் கிளம்பி மதியம் 2.30-க்கு லண்டன். தூரம் 8,400 கிலோமீட்டர், பத்து மணி நேரம் என்று இணையத்திலும் இருக்கிறது, சரிதானே என்று கேட்டிருக்கிறீர்கள்.

தூரம் சரி, நேரம் சரியில்லை. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். ஜூலையில் லண்டன் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால். அங்கே 2.30 என்றால் நமக்கு இரவு ஏழு மணி, ஆக மொத்தம் பதினாலரை மணி நேரம். இணையத்தில் வரும் பத்து மணி நேரம் நிற்காமல் நேராகப் பறந்தால் என்று போட்ட கணக்கு. துபாய்க்கு நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல், அங்கிருந்து ஏழரை, மீதி துபாயில் காத்திருப்பு. துபாய் கிட்டத்தட்ட நேர்வழியிலேயே இருப்பதால் சுற்றிப் போகிறோமோ என்ற கவலை வேண்டாம்.

சர்க்கரை மாத்திரை போடுகிறார் என்றீர்களே, அதுதான் எனக்குக் கவலை. கடிகாரத்தைப் பார்த்துப் போட்டால் இடைவெளி மாறிவிடும். எத்தனை மணி நேரத்துக்கு ஒன்று என்று டாக்டரிடம் கேட்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள். மாத்திரை கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம்.

அப்புறம், தேதி. 14-ஆம் தேதி அதிகாலை 4.30 என்றால் 13-ஆம் தேதி இரவு பதினொன்றரைக்கே வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். என் சித்தி இதில் ஏமாந்து, ஒரு நாள் கழித்துப் போய் நின்றார்.

துபாயில் சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று விமான நிறுவனத்திடம் இப்போதே சொல்லி வையுங்கள். அடுத்த விமானத்தின் வாசல் வரை அவர்களே கொண்டு விடுவார்கள்.