பேட்டரியில் எழுதியிருப்பது எவ்வளவு, உள்ளே இருப்பது எவ்வளவு? கேள்வி பதில்

மன்னார்குடியிலிருந்து: அண்ணே, ராத்திரி மடை பார்க்கப் போகும்போது போடுற ஹெட்லைட்டுக்கு 9900 எம்ஏஎச் என்று அச்சடித்த 18650 லித்தியம் செல் வாங்கினேன். ஒரு மணி நேரத்திலேயே மங்கிடுது. சார்ஜர் கோளாறா?

சார்ஜர் மேல் பழி போடாதீர்கள் தம்பி. எம்ஏஎச் என்பது செல் மொத்தம் எவ்வளவு பிடிக்கும் என்ற அளவு, 1000 எம்ஏஎச் என்றால் 1 ஆம்பியரை ஒரு மணி நேரம் கொடுக்கும். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், அந்தக் குழாய்க்குள் பேர்போன கம்பெனிகளே 3500-ஐ ஒட்டித்தான் அடைக்கிறார்கள், அப்புறம் 9900 எங்கிருந்து வரும்? தராசில் வைத்துப் பாருங்கள். நல்ல செல் 45 கிராமை ஒட்டி இருக்கும். 30 கிராம்தான் என்றால் போலிதான், மேற்கொண்டு சோதனையே வேண்டாம்.

கும்பகோணத்திலிருந்து: மல்டிமீட்டரில் 4.1 வோல்ட் காட்டுகிறது, செல் நல்லதுதானே? 10 ஆம்ஸ் (ஆம்பியர்) பக்கம் திருப்பி நேராகத் தொட்டுப் பார்க்கலாமா?

தொடவே தொடாதீர்கள். ஆம்ஸ் பக்கத்தில் மீட்டர் வெறும் கம்பி மாதிரி, செல் ஷார்ட் ஆகிவிடும். வோல்ட்டை வைத்து இப்போது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று குத்துமதிப்பாகச் சொல்லலாம், மொத்தம் எவ்வளவு பிடிக்கும் என்று சொல்ல முடியாது. கிழட்டுச் செல்லும் சார்ஜரிலிருந்து எடுத்த கையோடு 4.2 காட்டும்.

அதே நண்பர்: சரி, மெஷின் வாங்காமல் வீட்டிலேயே எப்படி அளப்பது?

3.9 ஓம், 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்று போதும். செல்லை 4.2 வரை முழுதாக ஏற்றி, ரெசிஸ்டரை மாட்டி, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ரெசிஸ்டரின் இரண்டு காலிலும் மீட்டரை வைத்து வோல்ட்டைக் குறித்துக்கொண்டே வாருங்கள், செல் 3 வோல்ட்டுக்கு இறங்கியதும் உடனே கழற்றிவிடுங்கள். சராசரி 3.6 வோல்ட், ஓடியது 2 மணி 20 நிமிடம் என்றால், 3.6-ஐ 3.9-ஆல் வகுக்க 0.92 ஆம்பியர், அதை நேரத்தால், அதாவது 2.33 மணியால் பெருக்கினால் 2.15 ஏஎச் (ஆம்பியர்-மணி), ஏறக்குறைய 2150 எம்ஏஎச். ரெசிஸ்டர் கையைச் சுட்டுவிடும், ஓட்டுத் துண்டு மேல் வையுங்கள், பக்கத்திலேயே இருங்கள். எத்தனை ஆம்பியரில் இறக்கினோம், எத்தனை வோல்ட்டில் நிறுத்தினோம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அது இல்லாத எம்ஏஎச் கணக்கை நான் நம்புவதில்லை.

திருவாரூரிலிருந்து: 10000 எம்ஏஎச் பவர்பேங்க், வெளியே வருவதை அளக்கும் யூஎஸ்பி மீட்டரில் 6300 தான் வருகிறது. ஏமாந்துட்டேனா?

இல்லை. 10000 என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. வெளியே வருவது 5 வோல்ட், அந்தக் கணக்கில் 7400 தான், அதிலும் கொஞ்சம் சூடாகப் போய்விடும். 6300 நல்ல அளவு.

மயிலாடுதுறையிலிருந்து: ரிமோட்டுக்குப் போடும், சார்ஜ் ஏற்றக்கூடிய நிக்கல் ஏஏ செல்லுக்கும் இதே வழியா?

இறக்கி அளப்பது இதே வழிதான், ஆனால் மேலே சொன்ன 4.2, 3 வோல்ட் கணக்கு இதற்கு இல்லை, 1 வோல்ட்டில் நிறுத்துங்கள். பல நாள் சும்மா கிடந்த செல் என்றால் இரண்டு மூன்று தடவை ஏற்றி இறக்கிய பிறகு வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

பாபநாசத்திலிருந்து: மருந்தடிக்கிற ஸ்பிரேயரில் 12 வோல்ட் 8 ஏஎச் பேட்டரி. நாலு டேங்க் அடிப்பதற்குள் படுத்துவிடுகிறது.

அந்த 8 ஏஎச், அதாவது 8000 எம்ஏஎச் என்பது 20 மணி நேரம் மெதுவாக, அதாவது 0.4 ஆம்பியரில் இறக்கினால் வரும் கணக்கு. வேகமாக இழுத்தால் லெட் ஆசிட் பேட்டரி குறைவாகத்தான் கொடுக்கும். வண்டி இண்டிகேட்டருக்குப் போடும் 21 வாட் பல்பை மாட்டுங்கள், 1.75 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பல்பு எரியும்போதே 10.5 வோல்ட்டுக்கு இறங்கினால் நிறுத்திவிடுங்கள். மூன்றரை மணி நேரம் தாண்டினால் பேட்டரி பரவாயில்லை, மோட்டாரையும் நாசிலையும் பாருங்கள். இரண்டு மணி நேரம்கூட நிற்கவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான். குறுவைக்கு அடித்துவிட்டுச் சார்ஜ் இல்லாமலே தாளடி வரைக்கும் கொட்டகையில் போட்டுவைத்தால் உள்ளே தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும், அதற்கப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய அளவு பிடிக்காது.