ரோனிக்கு மட்டும் ஏன் இந்த தண்டனை?

மேடம் வணக்கம். எனக்கு 39 வயசு, ஒரு கம்பெனில ஸ்டோர்ஸ் செக்‌ஷன்ல இருக்கேன். என் பிரச்சனைய சொன்னா சிரிப்பீங்க. ஒரு டிவி சீரிஸால எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ரெண்டு வாரமா சரியா பேச்சுவார்த்தை இல்ல.

'தி ஷீல்ட்'னு பழைய அமெரிக்க போலீஸ் சீரிஸ், 2002ல ஆரம்பிச்சு 2008ல முடிஞ்சது, ஏழு சீசன், 88 எபிசோட். லாஸ் ஏஞ்சலஸ்ல விக் மேக்கின்னு ஒரு போலீஸ்காரர், அவர் கீழ ஷேன், லெம், ரோனின்னு மூணு பேர், கேங்க ஒழிக்கிறோம்னு சொல்லிட்டு இவங்களே பணத்த அடிக்கிறாங்க. கடைசில விக் மத்திய அரசு ஏஜென்சிகிட்ட எல்லாத்தையும் ஒப்புக்கிட்டு, தன் மேல கேஸ் வராம எழுதி வாங்கிட்டு தப்பிச்சுடறான். ரோனிகிட்ட அத சொல்லவே இல்ல. ஸ்டேஷன்ல எல்லார் முன்னாடியும் ரோனிக்கு கைவிலங்கு மாட்டும்போதுதான் அவனுக்கே தெரியுது. நான் துணி மடிச்சுட்டே பாத்துட்டு இருந்தேன், அந்த சீன்ல அப்படியே அழுதுட்டேன்.

அதுக்கு இவர் ரிமோட்ல பாஸ் பண்ணிட்டு, "ரோனிக்கும் எல்லாம் தெரியும்தான"ன்னாரு. அவ்ளோதான். எனக்கு எங்கிருந்து அவ்ளோ கோவம் வந்துச்சுன்னு தெரியல. ரோனி என்ன தப்பு செஞ்சான் மேடம், சத்தமே போடாத ஆளு, சொன்ன வேலைய செஞ்சான், கூட இருந்தவங்கள காட்டிக் குடுக்கல. விக்குக்கு வேலை கிடைக்குது, ரோனிக்கு ஜெயிலு, இது நியாயமா? இத சொன்னா இவர் புரிஞ்சுக்க மாட்டேங்கறாரு, எப்பவும் இப்படித்தான், நான் எத ஃபீல் பண்ணாலும் அதுல ஒரு நொட்டை சொல்லணும் இவருக்கு. என் தங்கச்சிகிட்ட சொன்னேன், அவளும் "அக்கா அது கதைதான விடு"ன்னுட்டா. யாருக்கும் ரோனி மேல ஒரு இரக்கம் கூட இல்ல.

இதுல இவர் சம்பந்தமே இல்லாம எங்க செக்‌ஷன்ல இருந்த ஒரு பையன இழுக்கறாரு, ஸ்டாக் எண்ணாமலே எண்ணினதா எங்க மேனேஜர் ரெஜிஸ்டர் எழுத சொன்னாரு, நாலு பேரும் கையெழுத்து போட்டோம், அப்புறம் சரக்கு குறையுதுன்னு என்கொயரி வந்தப்போ அந்தப் பையன் கையெழுத்து முதல்ல இருந்ததால அவன் தலைல விழுந்துச்சு, போய்ட்டான், ரெண்டு வருஷம் ஆச்சு. என்ன கேட்டப்போ ஞாபகம் இல்லன்னுதான் சொன்னேன், பொய்னு கூட சொல்ல முடியாது. அது வேற விஷயம். சின்ன விஷயத்துல கூட என் பக்கம் நிக்காத மனுஷன்கூட எப்படி காலம் தள்றது மேடம்?

பதில்:

சிரிக்கல மா. ஷீல்ட நானும் பாத்திருக்கேன், ரெண்டு தடவ. உங்க வீட்டுக்காரர் உங்க பக்கம் நிக்கறாரா இல்லையாங்கறத இப்போதைக்கு ஓரமா வச்சுடலாம், ரிமோட்ட பாஸ் பண்ணி வச்சுட்டு ஒரு வரி சொன்னதெல்லாம் குடும்பம் நடத்த முடியாத குத்தம் கிடையாது. எனக்கு உங்க லெட்டர்ல "அது வேற விஷயம்"னு ஒரு வரி இருக்கே, அதுலதான் கண்ணு நிக்குது.

முதல்ல ரோனிக்கு வரேன். போகப் போக விக் கெட்டுப் போறான்னு பலர் சொல்வாங்க. எனக்கு அப்படி தோணல. முதல் எபிசோட் ஞாபகம் இருக்கா? டெர்ரின்னு ஒரு போலீஸ் இவங்க டீமுக்குள்ள வந்து மேலிடத்துக்கு தகவல் குடுக்கப் போறாரு, ஒரு ரெய்டுல போதை மருந்து விக்கறவனோட துப்பாக்கியாலயே விக் அவர் முகத்துல சுட்டுடறான். ஆரம்பத்துலயே மோசமானத செஞ்சு முடிச்சாச்சு, அப்புறம் 87 எபிசோடும் அத மூடறதுக்குத்தான். மாறுறது சுத்தி இருக்கறவங்க. ஷேன் அதப் பக்கத்துல நின்னு பாத்தவன், அஞ்சாவது சீசன் கடைசில லெம் வாய திறந்துடுவானோங்கற பயத்துல கூடவே இருந்த லெம்ம கையெறி குண்டு போட்டு கொன்னுட்டு தேம்பித் தேம்பி அழறான். விக்க பிடிக்க நேர்மையா வந்த, போலீஸ்காரங்களையே விசாரிக்கற அதிகாரி கவனா கடைசில தானே பொய் ஆதாரம் வச்சு ஜெயிலுக்குப் போறாரு. அவங்க ஸ்டேஷன் கேப்டன் அசெவேடாவுக்கு விக் மேல ஆரம்பத்துலேர்ந்தே சந்தேகம், ஆனா அரசியல் ஆசை. ஒவ்வொருத்தருக்கும் காது கொஞ்சம் கொஞ்சமா பழகுது, முதல் சீசன்ல கேட்டா தூக்கம் போயிருக்கும், ஏழாவது சீசன்ல தலைய மட்டும் ஆட்டிட்டு "அடுத்து என்ன"ம்பாங்க.

ரோனி இந்தப் பழக்கத்துக்கு நல்ல உதாரணம். டெர்ரி விஷயம் தெரிஞ்சப்புறமும் விக் கூடவே நிக்கறாரு. ஷேன கொன்னுடணும்னு நிக்கறதும் அவர்தான். சத்தம் போடாத ஆளுங்கறீங்க, சத்தம் போடாம இருந்ததாலதான் அவ்ளோ நாள் நடந்துச்சு. விக் அவருக்கு செஞ்சது துரோகம், அதுல உங்க கோவம் நியாயம். அவர் ஒண்ணும் தெரியாதவர்ங்கறதுல நான் உங்க வீட்டுக்காரர் பக்கம்தான், மன்னிச்சுக்கோங்க.

இப்ப அந்தப் பையன். லெட்டர்ல வரிக்கு வரி ரோனி பேர் வருது, அவனுக்கு பேரே இல்ல. வெளில தெரியக்கூடாதுன்னு விட்டிருப்பீங்க, சரி. ஆனா எங்க போனான், வேலை கிடைச்சுதான்னு ஒரு வார்த்தை கூட இல்லையே மா. "போய்ட்டான்"னு ஒத்த சொல்லுல முடிச்சுட்டீங்க. அந்த சீரிஸ்ல கூட டெர்ரிய கடைசி சீசன் வரைக்கும் பேர் சொல்லித்தான் கேட்டுட்டு இருக்காங்க. அப்புறம் கையெழுத்து எந்த வரிசைல விழுந்துச்சுங்கறது வரைக்கும் ஞாபகம் வச்சிருக்கற உங்களுக்கு என்கொயரில மட்டும் ஞாபகம் இல்லாமப் போச்சு. அது பொய்தான். பயத்துல சொன்ன பொய், வேலை போயிடுமோன்னு, அந்த இடத்துல நிறைய பேர் அதத்தான் சொல்லியிருப்பாங்க, அதுக்காக உங்கள கெட்டவங்கன்னு நான் சொல்லவே மாட்டேன், ஆனா பொய்.

துணி மடிச்சுட்டு இருந்த கை ஏன் அந்த சீன்ல நின்னுச்சுன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. தனக்குத் தெரியாமலே எல்லாம் முடிவாகி, எல்லார் முன்னாடியும் ஒருத்தன இழுத்துட்டுப் போறாங்க, கூட இருந்தவங்க பாத்துட்டு நிக்கறாங்க. நீங்க அத ஏற்கனவே ஒரு தடவ நேர்ல பாத்திருக்கீங்க. உங்க மனசுல ரோனியா நீங்க உங்களயும் வச்சிருக்கீங்க, அந்தப் பையனயும் வச்சிருக்கீங்க, அதான் இவ்ளோ குழப்பம். "ரோனிக்கும் எல்லாம் தெரியும்தான"ன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னது எங்க போய் குத்துச்சுன்னு அவருக்கும் தெரிஞ்சிருக்கு, இல்லன்னா அந்தப் பையன ஏன் இழுக்கப் போறாரு. ரெண்டு வருஷமா அவரும் அத மனசுல வச்சுட்டு இருந்திருக்காருன்னு தோணுது. ஒருவேளை நீங்க கேக்கற "என் பக்கம்" அதுதான்.

மேனேஜர் மேல இப்பவே புகார் குடுங்கன்னு நான் சொல்லப் போறதில்ல, அதுல உங்க வேலையும் இருக்கு, நம்பிக்கையான ஒரு வக்கீல்கிட்ட கேட்டுட்டு செய்ய வேண்டியது. அதுக்கு முன்னாடி அந்தப் பையன் நம்பர் இருந்தா ஒரு போன். மன்னிப்பு வாங்கறதுக்காக பேசாதீங்க, அவன் குடுக்கணும்னு கட்டாயம் இல்ல. "அன்னைக்கு யாரும் ஸ்டாக் எண்ணல, எனக்குத் தெரியும், ஆனா ஞாபகம் இல்லன்னு சொல்லிட்டேன்"னு மட்டும் சொல்லுங்க. அவன் திட்டினா கேட்டுக்கோங்க. போன் எடுக்கலன்னா மறுநாள் இன்னொரு தடவ.

அதுக்கப்புறம் எனக்கு ஒரு லெட்டர் போடுங்க. அதுல ரோனி வர வேண்டாம்.