தட்டு பெரிது, இடம் சிறிது

கேள்வி: தோட்ட அலுவலக சேர்வரில் லினக்ஸ் மென்பொருள் ரெய்ட் 1 (இரண்டு தட்டிலும் ஒரே நகல்). இரண்டு 1 டெராபைட் வன்தட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி 4 டெராபைட் போட்டேன். ஒத்திசைவு முடிந்தும் 1 டெராபைட்தான் காட்டுகிறது. ஏன்?
– வாசகர், ஹட்டன்

பதில்: ரெய்ட் தன் அளவைத் தட்டிலேயே குறித்து வைத்திருக்கிறது, தட்டை மாற்றினால் அது தானாக மாறாது. பேக்கப் எடுத்துவிட்டு முதலில் பார்ட்டிஷனை (தட்டில் பிரித்த பகுதியை) பாருங்கள். பழைய எம்பிஆர் வகைப் பார்ட்டிஷன் அட்டவணையை அப்படியே நகலெடுத்திருந்தால் 2 டெராபைட்டைத் தாண்டாது, புதிய வகையான ஜிபிடி வேண்டும். இரண்டு தட்டிலும் பார்ட்டிஷன் பெரிதாக இருந்தால்தான் (இரண்டில் சிறியதன் அளவுதான் ரெய்டுக்குக் கணக்கு) ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஅட்ம் (mdadm) கட்டளையில் 'க்ரோ', 'சைஸ்=மேக்ஸ்' கொடுங்கள். புதிய 3 டெராபைட்டும் ஒத்திசைய, நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் ஐந்தரை மணிநேரம் பிடிக்கும். மழைக்கு கரண்ட் போகும் ஊர், யூபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். ரெய்ட் பெரிதான பிறகும் இட அளவைக் காட்டும் டிஎஃப் (df) கட்டளை பழைய அளவையே காட்டும். பயப்பட வேண்டாம், கோப்பு முறைமையைத் தனியாக நீட்ட வேண்டும்: அது ஈஎக்ஸ்டி4 (ext4) வகை என்றால் ரீசைஸ்2எஃப்எஸ் (resize2fs) கட்டளை.