பெஞ்சில் எத்தனை நீதிபதிகள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இணையவழிச் சட்டக் கலந்துரையாடல் ஒன்றில், பூர்வீக நிலத்தில் எனக்குப் பங்கு உண்டா என்று கேட்டேன். அப்பா 2001இல் இறந்துவிட்டார். ஒருவர், “பிரகாஷ் எதிர் பூலாவதி தீர்ப்பைப் பாருங்கள். மகளுக்கும் பங்கு தரும் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் அமலான 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருந்தால்தான் பங்கு” என்றார். மேலே கேட்டதும் “நீங்க அட்வகேட்டா?” என்றார். சட்டம் படிக்காதவள்தானே என்று வாயை மூடிக்கொண்டேன். இப்படிப்பட்டவர்களிடம் எப்படிப் பேசுவது? எளிய சட்டப் புத்தகம் ஒன்றும் சொல்லுங்கள்.

ம.

அன்புள்ள ம.,

எதற்கு வாயை மூடினீர்கள்? கேட்டது உங்கள் அப்பாவின் நிலத்தைப் பற்றி. அதைக் கேட்க பட்டம் எதற்கு?

அவர் காட்டியது 2015இல் சுப்ரீம் கோர்ட்டின் இரண்டு நீதிபதிகள் தந்த தீர்ப்பு. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் அதே கோர்ட்டின் மூன்று நீதிபதிகள் அதைச் செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். மகளின் உரிமை பிறப்பால் வருவது. 2005 செப்டம்பர் 9 அன்று தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை. செத்துப்போன தீர்ப்பைச் சொல்லி உங்கள் வாயை அடைத்திருக்கிறார். மனசு பதறுகிறது.

“நீங்க அட்வகேட்டா?” என்பது பேச்சைத் தீர்ப்பிலிருந்து உங்கள் மேல் திருப்பும் வேலை. அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் அடுத்த கேள்வியும் அவருடையதுதான். பதில் சொல்லாதீர்கள், கேளுங்கள். எந்த வருடம்? பெஞ்சில் எத்தனை பேர்? எந்தப் பாரா? பிறகு வந்த தீர்ப்பு எதுவும் இதை மாற்றியதா? வாயால் கேட்டால் அவர் குரல் உயரும். எழுதிக் கேளுங்கள், பதில் வரும்வரை வேறெதுவும் பேசாதீர்கள். சுப்ரீம் கோர்ட்டிலேயே சின்ன பெஞ்ச் பெரிய பெஞ்சை மீற முடியாது. அதனால்தான் எண்ணிக்கையைக் கேட்கச் சொல்கிறேன். பாராவைக் கேட்பது அவர் தீர்ப்பைத் திறந்தாரா என்று பார்க்க. பலர் தீர்ப்பின் மேலே அச்சிடும் சுருக்கத்தோடு, அதாவது தலைக்குறிப்போடு, நிறுத்திவிடுவார்கள். அதை எழுதுவது தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் தொகுப்பாசிரியர், நீதிபதி அல்ல. பாரா எண் தொகுப்புக்குத் தொகுப்பு மாறும். எந்தத் தொகுப்பு என்றும் கேளுங்கள்.

புத்தகம் இப்போது வேண்டாம். சுப்ரீம் கோர்ட்டின் இ-எஸ்சிஆர் தளத்தில் தீர்ப்புகள் இலவசம். வினீதா சர்மா தீர்ப்பின் கடைசிப் பக்கங்களைப் படியுங்கள். எந்தெந்தத் தீர்ப்பு தள்ளப்பட்டது என்பது அங்கேதான் இருக்கிறது.

உங்கள் விஷயத்தில் ஒன்றைப் பார்த்தாக வேண்டும். அந்தத் திருத்தச் சட்டப்படி, 2004 டிசம்பர் 20க்கு முன்பே பாகப்பிரிவினையோ விற்பனையோ நடந்திருந்தால் அதைக் கலைக்க முடியாது. வாய்மொழியாகப் பிரித்தோம் என்று அண்ணன் தம்பி சொன்னால் மட்டும் போதாது, அரசு ஆவணம் காட்ட வேண்டும். சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸில் அந்த சர்வே நம்பருக்கு வில்லங்கச் சான்று போடுங்கள். அப்பா காலத்திலிருந்தே கேளுங்கள்.